கானல் நீரும் நான்கு பத்தியும்

தமிழ்நாட்டில் பட்ஜெட் வாசித்து முடித்த அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சிகளின் கருத்து வந்துவிடும். "கானல் நீர்", "வெற்று அறிவிப்பு", "யானைப் பசிக்குச் சோளப்பொரி". எந்தக் கட்சி எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சொற்கள் மாறுவதில்லை. இடம் மாறும்போது கையோடு எடுத்துப் போய்விடுகிறார்கள். அது மாலைச் செய்திக்கான வேலை, இருந்துவிட்டுப் போகட்டும். அரசின் பணத்தைக் கேள்வி கேட்கும் வேலை அந்த உரையில் தொடங்குவதில்லை. போன வருஷத்துக் கணக்கில் தொடங்குகிறது.

முதலில் கையில் இருக்கும் அதிகாரம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 203ஆம் பிரிவுப்படி மானியக் கோரிக்கை ஒன்றை, அதாவது ஒரு துறை தன் செலவுக்குக் கேட்கும் பணத்தை, சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட முடியாது. மானியக் கோரிக்கை விவாதத்தில் பாதிப் பேச்சு "என் தொகுதிக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும்" என்றே போகிறது. அவையால் செய்யவே முடியாத ஒன்றை அவையில் நின்று கேட்கிறோம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. மறுக்கவும் குறைக்கவும் பெரும்பான்மை வேண்டும், எதிர்க்கட்சிக்கு அது கிடையாது. வட்டிச் செலவு, உயர் நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம் போன்றவை அரசின் வரவெல்லாம் சேரும் தொகு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்டவை. அவற்றைப் பற்றிப் பேசலாமே தவிர வாக்குக்கே வராது.

ஆகவே எதிர்க்கட்சி உறுப்பினரால் பணத்தை நிறுத்த முடியாது. அமைச்சரை ஒரு பதிலுக்குள் கட்டிப்போட முடியும். அந்தப் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிட்டால், இரண்டு வருஷம் கழித்து வரும் கணக்கோடு அதை ஒட்டிப் பார்க்கலாம். மற்றதெல்லாம் இதற்கான கருவிகள்தான்.

நான்கு பத்தி

மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு பத்திகளில் நான்கு எண்கள் இருக்கும். 2025-26 பட்ஜெட் என்றால்: 2023-24க்கான கணக்கு, 2024-25க்கான வரவு-செலவுத் திட்ட மதிப்பீடு, அதே 2024-25க்கான திருத்திய மதிப்பீடு, 2025-26க்கான புதிய மதிப்பீடு. உரையில் வருவது நான்காவது மட்டும். படிக்க வேண்டியது முதல் மூன்று.

ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துக்கொள்வோம். 2023-24இல் உண்மையில் செலவானது 38 கோடி. அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கியது 120 கோடி. நடுவில் திருத்தியபோது அது 52 கோடி ஆனது. இப்போது அறிவிப்பது 150 கோடி. அமைச்சர் "ஒதுக்கீடு 25 சதவீதம் உயர்வு" என்பார். 120ஐ 150உடன் ஒப்பிட்டால் அது சரிதான், பொய் இல்லை. ஆனால் 38 கோடிக்கு மேல் செலவழிக்க முடியாத துறை, கிட்டத்தட்ட நான்கு மடங்கை ஒரே வருஷத்தில் எப்படிச் செலவழிக்கப்போகிறது? அவையில் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் 150 மட்டும்?" என்பதில்லை. "120 ஏன் 52 ஆனது?" என்பது.

120 ஏன் 52 ஆகும் என்பதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். நிலம் எடுக்கப்படவில்லை அல்லது டெண்டர் முடியவில்லை. மத்திய அரசின் பங்கு வரவில்லை; மத்திய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் தரும் திட்டங்களில் மத்திய அரசின் தவணை நின்றால் மாநிலப் பங்கும் கூடவே நிற்கும். நிதித்துறையே கையிருப்பைக் கருதி விடுவிக்காமல் வைத்திருக்கும். அல்லது சம்பளத்துக்கு ஒதுக்கியிருப்பார்கள், பணியிடம் நிரப்பப்படாமல் இருக்கும். முதலாவது துறையின் திறமையின்மை. இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டெல்லியில் இருக்கலாம். மூன்றாவது அரசின் நிதி நிலைமையைப் பற்றிய சாட்சி. நான்காவது வேலைவாய்ப்புக் கேள்வி. எது என்று தெரியாமல் எழுந்து நின்றால் அமைச்சர் தனக்கு வசதியானதைச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு தலைப்பில் தொகை குறைந்திருந்தால் உடனே "நிதியை வெட்டிவிட்டார்கள்" என்று பேசிவிடக் கூடாது. அரசுக் கணக்கில் முதல் நான்கு இலக்கம் பெருந்தலைப்பு: 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும், 2055 காவல், 2049 வட்டி. 2, 3 என்று தொடங்கினால் வருவாய்ச் செலவு, 4, 5 மூலதனச் செலவு, 6, 7 அரசு கொடுக்கும் கடன். இந்தப் பெருந்தலைப்பு, துணைப் பெருந்தலைப்பு, சிறு தலைப்பு என்ற வரிசை இந்தியா முழுவதும் ஒன்றே. ஒரே திட்டத்தின் பணம் பொதுவான சிறு தலைப்பில் ஒரு பகுதியும், பட்டியல் சாதியினருக்கான 789இல் ஒரு பகுதியும், பழங்குடியினருக்கான 796இல் ஒரு பகுதியுமாகப் பிரிந்து கிடக்கும். மூன்றையும் கூட்டாமல் பேசினால் அமைச்சர் எழுந்து, "உறுப்பினர் அடுத்த பக்கத்தைப் பார்க்கவில்லை" என்பார். அவ்வளவுதான், பத்து நிமிடப் பேச்சும் போச்சு. இன்னொன்று: 800 என்ற சிறு தலைப்பு "இதர செலவு". எதில் சேர்ப்பது என்று தெரியாததையும், தெரிய வேண்டாம் என்று நினைப்பதையும் அதில் போடுவார்கள். இப்படி 800இல் பெருந்தொகைகளை அடைப்பதைத் தணிக்கைத் துறை மாநில நிதிநிலை பற்றிய தன் தணிக்கை அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வருகிறது. அதில் பெரிய எண் இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது எளிய கேள்வி. ஆனால் கேட்பவர் குறைவு.

"செலவு" என்ற சொல்

அரசுக் கணக்கில் "செலவு" என்றால் கருவூலத்திலிருந்து பணம் வெளியேறியது என்று அர்த்தம். வேலை நடந்தது என்று அர்த்தமில்லை. மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒரு அரசுக் கழகத்துக்கோ சங்கத்துக்கோ மொத்தமாகப் பணத்தை மாற்றிவிட்டால் கணக்கில் அது செலவு. உண்மையில் அந்த அமைப்பின் வங்கிக் கணக்கில் தூங்கும். ஒதுக்கீடு காலாவதியாகாமல் காப்பாற்ற இது பழைய வழி. மார்ச் 31க்குள் ஒப்படைக்காத மீதி தானாகக் காலாவதியாகும் என்பதால் துறைகளுக்கு அந்தப் பதற்றம். பணத்தை வாங்கிய அமைப்பு பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது வருஷக்கணக்கில் நிலுவையில் கிடப்பது பல மாநிலங்களில் நிரந்தரக் கதை.

அதனால் கேள்வி எழுதும்போது "எவ்வளவு செலவிடப்பட்டது" என்று எழுதினால் தோற்றோம். கிட்டத்தட்ட இப்படி எழுத வேண்டும்:

(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் இத்திட்டத்துக்கு ஆண்டுவாரியாக ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, செயலாக்கும் நிறுவனம் ஒப்பந்ததாரர்களுக்கும் பயனாளிகளுக்கும் உண்மையில் செலுத்திய தொகை எவ்வளவு;

(ஆ) ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று அந்நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலவாகாமல் இருந்த தொகை எவ்வளவு;

(இ) நிர்வாக ஒப்புதல் பெற்ற பணிகள், பணி ஆணை வழங்கப்பட்டவை, முடிந்தவை மாவட்டவாரியாக எத்தனை?

"ஏன்" என்ற சொல் இதில் இல்லை, கவனியுங்கள். எழுத்துக் கேள்வியில் "ஏன்" என்று கேட்டால் துறை ஒரு பக்கம் கட்டுரை எழுதிக் கொடுத்துவிடும். எழுத்தில் எண்ணை வாங்க வேண்டும், "ஏன்" என்பதை அவையில் எழுந்து கேட்கும் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்ள வேண்டும். "சாலை மோசமாக இருப்பதை அரசு அறியுமா?" என்ற வகைக் கேள்விக்கு "அறியும், நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வரும். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி.

மக்களவையில் கேள்விக்குப் பதினைந்து முழு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு வாய்மொழிப் பதிலுக்கான கேள்விகள் 20தான், எழுத்துப் பதிலுக்கானவை 230. இருபதிலும் நேரமிருக்கும் வரை எடுக்கப்படுவது சில மட்டும். அதனால் விவரம் தெரிந்த எம்.பி.க்கள் எழுத்துப் பதில் வரிசையையே பெரிதும் நம்புகிறார்கள். தொலைக்காட்சியில் வராது, ஆனால் எண் கையில் வரும்.

ஒரு எளிய கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முந்த்ரா விவகாரம்தான் இன்றும் நல்ல பாடம். எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் அது பெரிய அளவில் பங்கு வாங்கியதா என்று 1957 செப்டம்பரில் மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. பதில் நழுவியது. அந்த நழுவலைப் பிடித்துக்கொண்டு பெரோஸ் காந்தி ஆவணங்களோடு டிசம்பர் 16 அன்று விவாதத்தில் இறங்கினார். சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். நீதிபதி சாக்ளா தலைமையிலான ஆணையம் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இத்தனையும் செய்த பெரோஸ் காந்தி ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது 1985இல். அதற்குப் பிறகு ஆளுங்கட்சி இருக்கையிலிருந்து அப்படி ஒருவர் எழுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பாரம் முழுக்க எதிர்ப்பக்கம் வந்துவிட்டது.

வெட்டுத் தீர்மானம்

இது மூன்று வகை. கொள்கையே தவறு என்றால் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கக் கோருவது. சிக்கனம் வேண்டும் என்றால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கக் கோருவது. ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைக்கக் கோருவது. நடைமுறையில் வருவதெல்லாம் மூன்றாவது வகை. எல்லாம் குரல் வாக்கெடுப்பில் தோற்கும். ஒன்று நிறைவேறினால்கூட அரசின் மீது நம்பிக்கை போய்விட்டது என்று பொருள் என்பதால் ஆளுங்கட்சிக் கொறடா கண்கொத்திப் பாம்பாக இருப்பார்.

தோற்கும் என்று தெரிந்தே ஏன் கொடுக்க வேண்டும்? அதில் எழுதும் வாசகம் பதிவாகும், துறை அதற்குக் குறிப்பு தயாரிக்க வேண்டியிருக்கும். ஆகவே வாசகம் குறுகலாக இருக்க வேண்டும். "கல்வித்துறையின் தோல்வி பற்றி விவாதிக்க" என்பது வீண். "இன்ன வகைப் பள்ளிகளில் கழிப்பறைப் பராமரிப்புக்கு விடுவித்த நிதி பயன்படுத்தப்படாதது பற்றி" என்றால் அமைச்சர் அதைத் தாண்டிப் போக முடியாது. சிக்கன வெட்டைக் கொடுக்கத் துணிபவர் ஏறக்குறைய இல்லை. எந்தச் செலவைக் குறை என்று சொன்னாலும் யாருக்காவது வலிக்குமே என்ற பயம். "கடன் பெருகிவிட்டது" என்று ஒரு பத்தி, "இன்னும் கொடு" என்று அடுத்த பத்தி என்று பேசும் உறுப்பினரை அமைச்சர்கள் அந்த இரண்டு பத்தியையும் அடுத்தடுத்து வாசித்தே மடக்கிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஐம்பதுக்கு மேல் மானியக் கோரிக்கைகள். ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளை எடுத்துக்கொள்வது வழக்கம். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் விவாதத்தையொட்டித்தான் கைக்கு வரும். நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் உள்ளன, கோரிக்கைகள் அவைக்கு வருமுன் அங்கே அலசப்படும். கேரளச் சட்டமன்றத்தில் அதற்கும் முன்பே, 1980 முதல், பொருட்குழுக்கள் உண்டு. இங்கே அப்படி ஒன்று இல்லை. உறுப்பினர் தானே, பெரும்பாலும் உதவியாளர் இல்லாமல், ஓரிரு நாளில் எல்லாம் படித்தாக வேண்டும். இந்த நிலையில் வெளிநடப்பு செய்வது கிடைத்த பத்து நிமிடத்தையும் கொடுத்துவிட்டு வருவதுதான். சில நேரம் அது தேவைப்படலாம். ஆனால் அமைச்சர் பதிலுரை சொல்லும் நேரத்தில் வெளியே நிற்பதுபோல் அரசுக்கு வசதியான எதிர்ப்பு வேறில்லை. பதிலில் குறுக்கிட்டு ஒரு எண்ணைக் கேட்க உள்ளே ஆள் இல்லை.

பட்ஜெட்டுக்கு வெளியே

விதி 110 தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழகிய எண். பேரவைத் தலைவரின் இசைவோடு அமைச்சர் பொது முக்கியத்துவமுள்ள ஒன்றைப் பற்றி அறிக்கை வாசிக்கலாம், அதன் மீது விவாதம் கிடையாது. 2011-16 ஆட்சிக் காலத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா பெருந்திட்டங்களை வரிசையாக இந்த விதியின் கீழ் அறிவித்தார். பட்ஜெட்டில் இல்லாத திட்டம், விவாதமில்லாத அறிவிப்பு. இதற்கு அவையில் கத்திப் பயனில்லை. ஒரு பேரேடு போட வேண்டும்: அறிவித்த நாள், அரசாணை எண், எந்தத் தலைப்பில் பணம், எந்தத் துணை மதிப்பீட்டில் வந்தது, கணக்கில் எவ்வளவு ஏறியது. ஐந்து கட்டம். பாதி அறிவிப்புக்கு இரண்டாம் கட்டமே காலியாக இருந்தால் அதைவிடப் பெரிய பேச்சு தேவையில்லை.

ஆண்டின் நடுவில் கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கைகளை யாரும் படிப்பதில்லை, அதனாலேயே படிக்க வேண்டும். புதிய திட்டத்துக்குப் பெயரளவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் கேட்டு அவையின் இசைவை வாங்கிவிட்டு, மீதியை வேறு தலைப்புகளின் மிச்சத்திலிருந்து மாற்றிக்கொள்வார்கள். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. அதேபோல், ஆண்டு முடிவில் மூல ஒதுக்கீட்டையே செலவழிக்காத துறை நடுவில் துணை ஒதுக்கீடும் வாங்கியிருந்தால் அது தேவையற்றது. ஒதுக்கியதையும் செலவானதையும் எதிரெதிரே வைக்கும் நிதி ஒதுக்கக் கணக்கில் இது அப்பட்டமாகத் தெரியும். மறுபக்கம், ஒதுக்கீட்டை மீறிய செலவு. 205ஆம் பிரிவுப்படி அதைச் சட்டமன்றம் பின்னால் முறைப்படுத்த வேண்டும். பீகார் மாட்டுத்தீவன ஊழலில் கால்நடைத் துறை ஒதுக்கீட்டை மீறிக் கருவூலங்களிலிருந்து பணம் எடுத்துக்கொண்டே இருந்தது. 1996இல் சாய்பாசாவில் சோதனை நடந்த பிறகே ஊர் அறிந்தது.

இனி உத்தரவாதங்கள். மின்வாரியமோ போக்குவரத்துக் கழகமோ வாங்கும் கடனுக்கு அரசு கையெழுத்துப் போடும். அது அரசின் கடன் கணக்கில் வராது. ஒருநாள் வரும். மின் பகிர்மான நிறுவனங்களைக் கடனிலிருந்து மீட்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் சேர்ந்தபோது மின் பகிர்மானக் கழகத்தின் 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தமிழ்நாடு அரசு தன் தோளில் ஏற்றிக்கொண்டது. அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் அவையில் வைக்கப்பட வேண்டும். எந்த நிறுவனம் எத்தனை வருஷமாக வைக்கவில்லை என்று கேட்பதே ஒரு முழுக் கேள்வி.

தணிக்கை வந்த பிறகு

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. தன் அறிக்கையை ஆளுநரிடம் கொடுப்பார், ஆளுநர் அவையில் வைக்கச் செய்வார் என்கிறது 151ஆம் பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையில் அரசுகள் வசதியாக உட்கார்ந்திருக்கின்றன. கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்துவிட்டால் விவாதத்துக்கு இடமில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் பற்றிய தணிக்கை அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததைக் கேள்வி கேட்ட அறிக்கை, சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில்.

வைக்கப்பட்ட அறிக்கை, அதை ஆராயும் உறுப்பினர் குழுவான பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். மக்களவையில் 1967 முதல் அதன் தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து வருகிறார். முதலில் வந்தவர் மினு மசானி. சட்டமல்ல, மரபு. மரபு என்பதால் வளையவும் செய்யும்: 2021இல் தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு அப்போது ஆண்ட தி.மு.க.வின் கூட்டணிக் கட்சியான காங்கிரஸின் செல்வப்பெருந்தகைக்குப் போனது. அமைச்சரவையில் இல்லாத கட்சி என்பது சரிதான், ஆனால் எதிர்க்கட்சி என்று சொல்ல முடியாது.

குழுவில் அமைச்சர் உறுப்பினராக முடியாது. சாட்சியாக வருவது துறைச் செயலாளர். கொள்கை சரியா என்று குழு கேட்காது, அந்தக் கொள்கைக்கான பணம் ஒழுங்காகச் செலவானதா என்றுதான் கேட்கும். செயலாளர் பெரும்பாலும் "நான் பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகிறது" என்று தொடங்குவார். பதில் சொல்ல வேண்டியது பதவிதான், ஆள் அல்ல. இதை முதல் கூட்டத்திலேயே தலைவர் சொல்லிவிட வேண்டும். சி.ஏ.ஜி.யின் கீழுள்ள கணக்காயர் அலுவலகத்தினர் குழுவுக்கு உதவ அருகிலேயே இருப்பார்கள். கூட்டத்துக்கு முன் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, துறை கொடுத்த விளக்கத்தில் எந்த ஆவணம் காட்டப்படவில்லை என்று குறித்துக்கொள்ளாத உறுப்பினர், உள்ளே துறையின் விளக்கத்தையே மறுபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

குழு கட்சி வாரியாகப் பிரிந்தால் முடிந்தது. 2ஜி விவகாரத்தில் 2011 ஏப்ரலில் குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷியின் வரைவு அறிக்கையை 21 உறுப்பினரில் 11 பேர் நிராகரித்தார்கள்; அவர் அனுப்பியதைச் சபாநாயகர் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றத்தின் நிதிக் குழுக்களில் மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்பாக இணைக்கவும் வழியில்லை. ஆகவே இங்கே எதிர்க்கட்சிக்காரர் ஜெயிக்க வேண்டியது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுங்கட்சி உறுப்பினரை. அவர் தொகுதியிலும் அதேபோல் ஒரு பாலம் பாதியில் நிற்கிறது என்று காட்டினால் பெரும்பாலும் ஒத்துவருவார். ஊழல் என்ற சொல்லை எழுதாமல் "தவிர்த்திருக்கக்கூடிய செலவு" என்று எழுதினால் கையெழுத்தும் போடுவார்.

பரிந்துரைக்குத் துறை அனுப்பும் பதில்களில் இரண்டு சொற்களுக்கு எதிரே சிவப்பு மை வைக்கலாம்: "குறித்துக்கொள்ளப்பட்டது", "எதிர்காலத்தில் கவனத்தில் கொள்ளப்படும்". பணம் திரும்ப வசூலானதா, எவ்வளவு, எந்தச் செலான் எண் என்று இல்லாத பதில் முடியாத பதில். அவையில் அமைச்சர் சொன்ன "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது" போன்றவற்றை அரசு உறுதிமொழிக் குழுவுக்குக் கொண்டுபோகலாம். சொன்ன தேதியும் அவைக்குறிப்பின் பக்கமும் கையில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அன்றே நகல் எடுத்து வைக்காதவர், இரண்டு வருஷம் கழித்து நூலகத்தில் தேடிக்கொண்டிருப்பார்.